விமானப் பயணத்தில் தூரமும் வக்த்தும்



உம்ராவுக்குப் புறப்படுவோர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கப்பலில் நாள்கணக்கில் அலைந்தவர்கள் கஸ்ரு தொழுதார்கள், சரி. ஐந்தரை மணி நேரத்தில் ஜித்தாவில் இறங்கிவிடும் நமக்கும் அச்சலுகை உண்டா?"

உண்டு. பம்பாய் - ஜித்தா ஹஜ்ஜுக் கப்பல் 1995-ஆம் ஆண்டோடு நின்றது, சலுகை நிற்கவில்லை. கஸ்ருக்கு அளவுகோல் தூரமே தவிர, சிரமமோ நேரமோ அன்று. ஷாபிஈ மத்ஹபில் அத்தூரம் 48 ஹாஷிமீ மைல். இன்றைய கணக்கில் 80 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். அதைக் கடலில் ஒரு மணி நேரத்தில் கடந்தாலும் கஸ்ரு கூடும் என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (வபாத்: ஹிஜ்ரி 676) தமது 'மின்ஹாஜ்' கிதாபில் தெளிவாக்கியுள்ளார்கள். விமானம் தோன்ற ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் கூறப்பட்ட சட்டம் இது! சென்னையிலிருந்து ஜித்தா, அரபிக் கடலைத் தாண்டி, சுமார் 4,450 கிலோ மீட்டர். ஆகவே இதில் ஐயத்திற்கு இடமே இல்லை.

எனினும் ஊர் எல்லையைக் கடந்த பிறகே கஸ்ரு. சென்னைவாசி மீனம்பாக்கத்தில் லுஹரை நான்கு ரக்அத்தாகவே தொழ வேண்டும். புறப்பட்டபின் வரும் அஸரை இரண்டாகத் தொழலாம்.

அடுத்தது, நோன்பாளியின் நிலை. பகல் 2 மணிக்குச் சென்னையில் ஏறிய ஒருவர், தம் கைக்கடிகாரத்தில் 6.30 ஆனதும் பேரீத்தம் பழத்தை எடுக்கிறார். ஜன்னலுக்கு வெளியே வெயில் காய்கிறது! இவர் நோன்பு திறக்கலாமா? கூடாது, திறந்தால் அந்நோன்பைக் களாச் செய்ய வேண்டும்.

காரணத்தை அறிவோம். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். இவ்விரு ஊர்களுக்கும் இடையே சுமார் 41 பாகை. ஆக, மேற்கே செல்பவருக்குப் பகல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் நீள்கிறது. உயரத்தில் பறப்பதால் கீழே உள்ளவர்களுக்கு மறைந்த சூரியனும் அவருக்குச் சற்று நேரம் தெரியும். அவர் இருக்குமிடத்தில் சூரியன் மறைவதே அவருக்கு மஃரிப்.

மூன்றாவது, இஹ்ராம். இதற்கு அளவு இடம். விமானம் ஜித்தாவில் இறங்குமுன்பே மீகாத் எல்லையைக் கடந்துவிடுகிறது. சில நிமிடங்களில் பல மைல்கள் போய்விடும் வேகத்தில், "இறங்கிப் பார்த்துக்கொள்வோம்" என்றிருப்பவர் தம் கொடுக்கும் நிலைக்கு ஆளாகலாம். எனவே உடையை முன்பே அணிந்து, மீகாத் அறிவிப்பு வருமுன் விழிப்போடிருந்து, நிய்யத்துச் செய்து தல்பியா ஓதிவிடுதலே பேணுதல்.

சுருங்கச் சொன்னால், கஸ்ருக்குத் தூரம், வக்த்துக்குச் சூரியன், இஹ்ராமுக்கு மீகாத். கைக்கடிகாரம் இம்மூன்றில் எதற்கும் நீதிபதி அன்று.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களையும் அமல்களையும் கபூல் செய்வானாக! ஆமீன்.