டி-பெல்ட் விளக்குக்குக் கண் கிடையாது

பழைய டீசல் இன்னோவா வாங்கப் போகிறவர்கள் சாவியைத் திருகி, டாஷ்போர்டில் 'டி-பெல்ட்' விளக்கு அணைகிறதா என்று பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த விளக்கு டைமிங் பெல்ட்டைப் பார்ப்பதே இல்லை. ஓடிய கிலோமீட்டரை எண்ணி, குறித்த தூரம் வந்ததும் எரியும், அவ்வளவுதான். பெல்ட்டை மாற்றாமலே அதை அணைத்துவிடலாம். விற்பவரிடம் கேட்க வேண்டியது பில்: எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றியது? பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

"அறுவதற்கு முன்னால் சத்தம் கொடுக்குமே?" பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள இன்ஜினில், அது தளர்ந்தால் கடகடக்கும். ரப்பர் பெல்ட் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் போகும். காலையில் கீச்சென்று கத்துவது வெளியே ஓடும் ஃபேன் பெல்ட்.

"அறுந்தால் புதுசு போட்டுக்கலாம்." பர்ஸைக் காலி செய்யும் நம்பிக்கை இதுதான். 2005-ல் வந்த 2.5 லிட்டர் டீசல் இன்னோவாவில் 4 சிலிண்டர், 16 வால்வு. டீசல் இன்ஜின் காற்றை ஏறத்தாழ 18-ல் ஒரு பங்காக அமுக்குவதால், மேலே வந்த பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இடமே இருக்காது. 2,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 33 தடவை மேலே வருகிறது. பெல்ட் அறுந்ததும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும். சில வால்வுகள் திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். கிராங்க் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். பிஸ்டன் வந்து இடிக்க, வால்வு வளையும், ராக்கர் உடையும். வேகத்தில் போயிருந்தால் பிஸ்டனும் ஹெட்டும்கூடத் தப்பாது. அந்த நேரத்தில் செல்ஃப் அடிப்பதும், நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்வதும் மிச்சமிருப்பதையும் கெடுக்கும்.

"என் வண்டி அதிகம் ஓடவில்லை." இங்கேதான் டிராவல்ஸ் வண்டியைவிட வீட்டு வண்டி அதிகம் ஏமாற்றுகிறது. டிராவல்ஸ் வண்டி சில வருஷத்திலேயே விளக்கு எரியும் தூரத்தைத் தொட்டுவிடும், பெல்ட்டும் மாறிவிடும். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கும் வண்டியில் விளக்கு எரியாமலே ரப்பருக்கு வயதாகிவிடும். ஆயில் சீல் கசிந்து பெல்ட் நனைந்தாலோ கிலோமீட்டர் கணக்கே செல்லாது.

மாற்றும்போது டென்ஷனரையும் பார்க்கச் சொல்லுங்கள். வாட்டர் பம்ப்பையும் கட்டாயம் மாற்ற வேண்டும் என்பது, பம்ப்பை டைமிங் பெல்ட்டே சுற்றும் இன்ஜின்களுக்குப் பொருந்தும். இந்த டீசலில் பம்ப் வெளி பெல்ட்டில் ஓடுகிறது. கசியவில்லை என்றால் விட்டுவிடலாம். 2016-ல் வந்த இன்னோவா கிரிஸ்டா டீசலுக்கு இந்தக் கவலையே இல்லை, அதில் இருப்பது செயின்.