ஜன்னல் கண்ணாடியும் மடக்கைக் கணக்கும்

கடந்த கோடை விடுமுறையில் மகளின் பிரசவத்துக்காக ஜெர்மனி சென்றிருந்தேன். ஸ்டுட்கார்ட் நகருக்குத் தெற்கே, சுவாபியன் ஆல்ப் மலைச்சரிவில் ஒரு சிற்றூர். நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்தன. எங்கள் பள்ளியில் நான்கு பேர் இயற்பியலில் தேர்ச்சி பெறவில்லை. ஜூன் இறுதியில் துணைத்தேர்வு. "தினமும் ஒரு மணி நேரம் காணொலியில் பாடம் எடுக்கிறேன். யாரும் படிப்பை விட்டுவிடக் கூடாது" என்று நால்வருக்கும் வாக்குக் கொடுத்தேன்.

முதல் ஐந்து நாள்களில் வகுப்பு நடந்தது என்று சொல்ல முடியாது. என் படம் அப்படியே உறைந்து நிற்கும். குரல் துண்டு துண்டாகப் போகும். மூன்றாம் நாள் ஒரு மாணவனிடம் கேள்வி கேட்டேன். பதில் இல்லை. மீண்டும் கேட்டேன். அப்போதும் இல்லை. "அக்கறை இருந்தா இப்படியா உட்கார்ந்திருப்பே?" என்று கடிந்துகொண்டேன். அன்றிரவு அவனிடமிருந்து செய்தி வந்தது: "மிஸ், நீங்க கேட்ட கேள்வி எனக்குக் கேட்கவே இல்ல. திட்டினது மட்டும்தான் கேட்டுச்சு."

அந்த ஒரு வரிதான் என்னை மோடத்தின் முன்னால் உட்கார வைத்தது. பின்னர் நான் கற்றுக்கொண்டவை, நாம் வகுப்பில் நடத்தும் மின்காந்த அலைகள் பாடத்துக்கும் மடக்கைக் கணக்குக்கும் நேரடியாகப் பயன்படுவதால், இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கட்டங்கள் காட்டாத எண்கள்

மகள் வீட்டில் கேபிள் வழி இணையம் இல்லை. அந்தத் தெருவுக்குக் கண்ணாடி இழை இணைப்பு இன்னும் வரவில்லை. எனவே சிம் அட்டை போட்ட மோடம் ஒன்றை ஹாலில் டிவிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். கைபேசியைப் போலவே அதுவும் டவரோடு பேசும். கிடைக்கும் இணையத்தை வைஃபையாக வீடு முழுவதும் கொடுக்கும். வேகத்தைச் சோதித்தோம். பதிவிறக்கம் நொடிக்கு 4 மெகாபிட், பதிவேற்றம் 0.6 மெகாபிட். பாடம் நடத்துபவரின் முகமும் குரலும் பதிவேற்றத்தில்தான் போகின்றன. 0.6 மெகாபிட்டில் காணொலி தடுமாறாமல் இருந்தால்தான் வியப்பு.

"அத்தை, இன்னும் பெரிய திட்டத்துக்கு மாறிடலாமா?" என்றார் மாப்பிள்ளை. அவர்கள் வைத்திருந்த திட்டத்திலேயே 100 மெகாபிட் வரை அனுமதி இருந்தது. அதில் 4தான் வந்துசேர்கிறது என்றால், குறை திட்டத்தில் இல்லை, வழியில் இருக்கிறது. "மாத்துறதுக்கு முன்னால அளந்து பார்ப்போம் தம்பி" என்றேன்.

மோடத்தின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறந்தால் இரண்டு எண்கள் தெரியும். முதலாவது ஆர்.எஸ்.ஆர்.பி. இது டவரிலிருந்து வரும் சிக்னல் எவ்வளவு வலுவாக நம்மை அடைகிறது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எஸ்.ஐ.என்.ஆர். இது அந்த சிக்னல், சுற்றியுள்ள இரைச்சலையும் குறுக்கீட்டையும் விட எத்தனை மடங்கு மேலோங்கி நிற்கிறது என்பதைச் சொல்கிறது. வகுப்பறையில் ஆசிரியரின் குரல் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பது ஒன்று. பிள்ளைகளின் பேச்சுச் சத்தத்துக்கு நடுவே அது எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது வேறொன்று. அந்த வேறுபாடுதான் இங்கும்.

டிவிக்குப் பின்னால் ஆர்.எஸ்.ஆர்.பி. −113 டிபிஎம், எஸ்.ஐ.என்.ஆர். 1 டெசிபெல்.

இங்கேதான் மடக்கை வருகிறது. 0 டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட். 10 டெசிபெல் குறைந்தால் திறன் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. 3 குறைந்தால் ஏறத்தாழப் பாதி. அப்படியானால் −113 என்பது சுமார் 5 × 10⁻¹⁵ வாட். இவ்வளவு சிறிய திறனிலிருந்து ஒரு கருவி செய்தியைப் பிரித்தெடுக்கிறது என்பதே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய அதிசயம். நடைமுறையில் −80க்கு மேல் இருந்தால் மிக நன்று. −100ஐத் தாண்டிக் கீழே போனால் பலவீனம். −120ஐ நெருங்கினால் இணைப்பு அறுந்துவிடும். எஸ்.ஐ.என்.ஆர். 20க்கு மேல் இருந்தால் மிக நன்று. 13க்கு மேல் நன்று. சுழியை ஒட்டியிருந்தால் மோசம்.

வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடி

பிறகு மோடத்தை வீட்டுக்குள் ஒவ்வோர் இடமாக எடுத்துச் சென்றோம். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் காத்திருந்து எண்களைக் குறித்தோம்.

ஹால், டிவிக்குப் பின்னால்: −113, 1, பதிவிறக்கம் 4, பதிவேற்றம் 0.6.
மாடி அறை, மூடிய ஜன்னலருகே: −108, 4, பதிவிறக்கம் 9, பதிவேற்றம் 1.5.
அதே ஜன்னல், கதவைத் திறந்து வெளி விளிம்பில்: −91, 12, பதிவிறக்கம் 31, பதிவேற்றம் 8.

இரண்டாம், மூன்றாம் வரிகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரு முழம்கூட இல்லை. ஆனால் வேறுபாடு 17 டெசிபெல், அதாவது 50 மடங்கு. குளிர்நாட்டு வீடுகளில் ஜன்னலுக்கு இரண்டு அல்லது மூன்று அடுக்குக் கண்ணாடி போடுகிறார்கள். அறையின் வெப்பம் வெளியே போகாமலிருக்க, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு ஒன்று இருக்கும். அது கண்ணுறு ஒளியை உள்ளே விடும். அகச்சிவப்புக் கதிரை எதிரொளிக்கும். உலோகம் என்பதால் ரேடியோ அலையையும் திருப்பி அனுப்பிவிடும். ஒரே நிறமாலையின் மூன்று பகுதிகளில் ஒன்றை உள்ளே விட்டு, மற்ற இரண்டையும் ஒரே கண்ணாடி திருப்பி அனுப்புகிறது. மின்காந்த நிறமாலையை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

வலு குறைந்தும் வேகம் கூடியது எப்படி?

ஜன்னலுக்கு வெளியே வைத்ததும் இன்னொன்றைக் கவனித்தோம். அதுவரை மோடம் 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே பிடித்துக்கொண்டிருந்தது. இந்த அலைவரிசை முன்பு தொலைக்காட்சிக்குப் பயன்பட்டது. ஜெர்மனியில் 2010ஆம் ஆண்டு இதைக் கைபேசி நிறுவனங்களுக்கு ஏலம் விட்டபோது, இணைய வசதி குறைந்த சிற்றூர்களுக்கே முதலில் சேவை தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். சிக்னல் எட்டாத இடத்துக்கு ஜெர்மானியர்கள் 'ஃபுங்க்லோக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'அலை ஓட்டை' என்று பொருள்.

அலைநீளம் = ஒளியின் வேகம் ÷ அதிர்வெண். 800 மெகாஹெர்ட்ஸுக்கு 37.5 சென்டிமீட்டர், 1800 மெகாஹெர்ட்ஸுக்கு 16.7 சென்டிமீட்டர். நீண்ட அலை மலை முகட்டிலும் கட்டட ஓரத்திலும் நன்றாக வளைந்து வரும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். இது நாம் நடத்தும் விளிம்பு விளைவுதான். ஆனால் அந்த நாட்டில் 800 அலைவரிசையில் ஒரு நிறுவனத்துக்குக் கிடைத்த பட்டை அகலம் 10 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. நெடுந்தூரம் போகும் குறுகிய சாலை அது. ஊரே அதில்தான் போகிறது. 1800இல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வரை ஒரே தடமாகக் கிடைக்கும்.

சில மோடங்களில் அலைவரிசையை நாமே தேர்ந்தெடுக்கலாம். 1800ஐத் தேர்ந்தெடுத்தோம். ஆர்.எஸ்.ஆர்.பி. −91இலிருந்து −97ஆகக் குறைந்தது. மாப்பிள்ளையின் முகம் வாடியது. வேகத்தைச் சோதித்தால் பதிவிறக்கம் 58, பதிவேற்றம் 17!

காரணம், எஸ்.ஐ.என்.ஆர். 12இலிருந்து 16ஆக உயர்ந்திருந்தது. அகலமும் இரு மடங்கு. 1948இல் கிளாட் ஷானன் தந்த சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. ஒரு தடத்தின் உச்ச வேகம் = பட்டை அகலம் × இரண்டடிமான மடக்கை (1 + சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்). 12 டெசிபெல் என்பது 16 மடங்கு. 10 மெகாஹெர்ட்ஸில் உச்சவரம்பு சுமார் 41 மெகாபிட். 16 டெசிபெல் என்பது 40 மடங்கு. 20 மெகாஹெர்ட்ஸில் சுமார் 107 மெகாபிட். டவரை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வதால் நமக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. ஆனாலும் எது வேகமான வழி என்பதைக் கணக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் "மடக்கை எதுக்கு மிஸ்?" என்று கேட்கும் பிள்ளைக்கு இதுவே விடை.

"இப்பத் தெரியுதா?"

மே மாதத்திலும் அங்கே இரவில் குளிர். பச்சிளம் குழந்தை இருக்கும் வீட்டில் ஜன்னலைத் திறந்தே வைக்க முடியாது. மோடமும் மழையில் நனையும். எனவே வெளியே வைக்கும் திசை ஆன்டெனா ஒன்றை வாங்கினோம். வாடகை வீட்டுச் சுவரில் துளை போட முடியாது. மூடிய ஜன்னலின் இடுக்கில் நுழையும் தட்டையான இணைப்புக் கம்பிகள் கிடைக்கின்றன. ஆன்டெனாவிலிருந்து இரண்டு கம்பிகள் வரும். உள்ளே இரண்டு ஆன்டெனாக்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக, ஆளுக்கு 45 பாகை சாய்ந்து நிற்கின்றன. தளவிளைவு வேறுபடுவதால் ஒரே அலைவரிசையில் இரண்டு தரவு ஓடைகளைப் பிரித்து வாங்க முடிகிறது. கம்பியின் நீளத்தைக் கூட்டக் கூடாது. ஒவ்வொரு மீட்டரும் சிக்னலைத் தின்னும். மோடத்தை ஆன்டெனாவுக்கு அருகில் வைத்து, அங்கிருந்து வைஃபை கொடுப்பதே சரி.

டவர் எந்தத் திசையில்? ஜெர்மனியில் பூண்டஸ்நெட்ஸ்அகென்டூர் என்ற அரசு முகமை, டவர்கள் உள்ள இடங்களை வரைபடத்தில் வெளியிட்டிருக்கிறது. நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' தளம் அந்த வேலையைச் செய்கிறது. வரைபடம் பார்த்துத் தோராயமாகத் திருப்பிவிட்டு, பிறகு 15 பாகை 15 பாகையாக நகர்த்தினோம். பால்கனியில் மாப்பிள்ளை, உள்ளே எண்களைப் படித்துச் சொல்ல நான். சிறுவயதில் அப்பா மொட்டை மாடியில் டிவி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே "இப்பத் தெரியுதா?" என்று கத்துவதும், நான் வாசலில் நின்று "புள்ளி புள்ளியா தெரியுதுப்பா!" என்று கத்துவதும் நினைவுக்கு வந்தன. ஒரே ஒரு வேறுபாடு: இப்போது புள்ளிகளுக்குப் பதில் எஸ்.ஐ.என்.ஆர். எண். எது உயர்ந்ததோ அந்தத் திசையில் முடுக்கினோம். இறுதியில் −90, 19, பதிவிறக்கம் 72, பதிவேற்றம் 24.

ஓர் எச்சரிக்கை. ஆன்டெனா வேறு, சிக்னலைப் பெருக்கி மறுபடி ஒலிபரப்பும் 'பூஸ்டர்' வேறு. அனுமதியில்லாமல் பூஸ்டர் பொருத்துவது ஜெர்மனியிலும் இந்தியாவிலும் சட்டப்படி குற்றம். அது அக்கம்பக்கத்தாரின் இணைப்பையும் கெடுக்கும். இன்னொன்று: மாலையில் ஊரே இணையத்துக்கு வரும்போது எந்த ஆன்டெனாவாலும் வேகத்தைக் காப்பாற்ற முடியாது. நம் ஊர் இரவு 7 மணி அங்கே பிற்பகல் 3.30. அந்த நேரம் எங்களுக்குச் சாதகமாக அமைந்தது.

தகரக் கூரையும் வேப்பமரமும்

மறுநாள் வகுப்பில் முதலில் அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். என் பக்கத்துப் பதிவேற்றம்தான் பழுது, உன் அக்கறை அல்ல என்றேன். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மிஸ், அந்த நம்பரை எங்க போன்லயும் பார்க்கலாமா?" என்று கேட்டான்.

பார்க்கலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அமைப்புகளுக்குள் 'ஃபோனைப் பற்றி' என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம்மில் தெரியும். நால்வரும் தத்தம் வீட்டில் ஐந்து இடங்களில் அளந்தார்கள். அந்த மாணவனின் வீடு தகர ஷீட் வேய்ந்தது. உள்ளே −112. வாசலில் வேப்பமரத்தடியில் −94. "18 டெசிபெல் மிஸ். 63 மடங்கு" என்றான். கணக்கை அவனே போட்டிருந்தான். இயற்பியலில் தேர்ச்சி பெறாதவன் என்று பட்டியலில் இருந்த பிள்ளை அவன். அன்று முதல் கயிற்றுக் கட்டிலை மரத்தடியில் போட்டு உட்கார்ந்தான். அதன் பிறகு ஒரு நாளும் அவன் குரல் அறுபடவில்லை. நால்வரும் துணைத்தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றார்கள்.

வகுப்பறைச் செயல்பாடு

மின்காந்த அலைகள் பாடத்தின்போது இதை ஒரே பாடவேளையில் செய்யலாம். ஆசிரியரின் கைபேசி ஒன்று போதும். வகுப்பறை, தாழ்வாரம், விளையாட்டு மைதானம், இரும்பு அலமாரிக்குள், தண்ணீர்த் தொட்டியின் பின்புறம் என ஐந்து இடங்களில் அளந்து பலகையில் எழுதுங்கள். அலமாரிக்குள் அளக்கும்போது கதவை மூடிச் சற்று நேரம் கழித்துத் திறந்து உடனே படிக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று அளவீடு எடுத்துச் சராசரி காணுங்கள். எண்கள் அலைந்துகொண்டே இருக்கும், அதுவும் பாடம்தான். இரண்டு இடங்களுக்கு இடையிலான வேறுபாட்டை மாணவர்கள் மடங்காக மாற்றட்டும். ஏன் குறைந்தது என்பதற்கு எதிரொளிப்பு, உட்கவர்தல், விளிம்பு விளைவு ஆகியவற்றில் காரணம் தேடட்டும்.

இணையவழி வகுப்பு எடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொடங்கும் முன் உங்கள் பதிவேற்ற வேகத்தை ஒரு முறை சோதித்துவிடுங்கள். பதில் சொல்லாத பிள்ளையிடம் கோபப்படுவதற்கு முன், கேள்வி அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். நான் அதைச் செய்யத் தவறி, ஐந்து நாள்களை இழந்தேன்.