கரப்பான் உள்ள பிள்ளைக்கு மீனும் கடலும் விலக்கா?

தூத்துக்குடிக் கடற்கரையில், வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை, பிள்ளைக்குக் கரப்பான் என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் தொடங்குவது பத்தியம். மீன் ஆகாது, கருவாடு ஆகாது, கத்திரிக்காய் ஆகாது. அடுத்து வரும் யோசனைகள் ஒன்றுக்கொன்று முரணானவை. கடலில் முக்கி எடுத்தால் போய்விடும் என்பார் ஒருவர். கடல் பக்கமே விடாதே என்பார் இன்னொருவர். பள்ளியில் தனி இடம், வீட்டில் தனித் துண்டு, மருந்துக்கடையிலிருந்து பெயர் தெரியாத ஒரு களிம்பு. எல்லாமே அக்கறையில் பிறந்தவைதான். ஆனால் மருத்துவர்கள் அடோபிக் டெர்மடைட்டிஸ் என்று சொல்லும் இந்த நாள்பட்ட நோயைப் பற்றி இன்று தெரிந்திருப்பவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். நோய் பிள்ளையின் தூக்கத்தைப் பறிக்கிறது. சாப்பாட்டையும் விளையாட்டையும் சிநேகிதத்தையும் பறிப்பதில் நம் நம்பிக்கைகளுக்குப் பெரும்பங்கு இருக்கிறது. நோயைக் கட்டுப்படுத்த மருத்துவம் உண்டு. மற்றதை நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.

நம்பிக்கை 1: அரிப்புதானே, உயிருக்கா ஆபத்து?

உண்மை: உயிருக்கு ஆபத்தில்லை என்பது பெரும்பாலும் சரி. பிள்ளையின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. வேல்ஸில் உள்ள கார்டிஃப் நகரத் தோல் மருத்துவர்கள் 1995-ல் வெளியிட்ட ஒரு வினாத்தாள் இன்று பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. 4 முதல் 16 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. கடந்த ஒரு வாரத்தைப் பற்றி 10 கேள்விகள். அரித்ததா, வலித்ததா? வெட்கமாக இருந்ததா? நண்பர்களோடு பழக முடிந்ததா? வேறு உடையோ செருப்போ போட வேண்டி வந்ததா? விளையாட்டும் நீச்சலும் பள்ளிக்கூடமும் தடைப்பட்டனவா? யாராவது கேலி செய்தார்களா? தூக்கம் கெட்டதா? மருந்து போடுவதே தொல்லையாக இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. தோல் எவ்வளவு சிவந்திருக்கிறது என்ற கேள்வி இதில் கிடையாது. 2006-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, தோல் நோய் உள்ள பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கையை மற்ற நாள்பட்ட நோய் உள்ளவர்களின் வாழ்க்கையோடு ஒப்பிட்டது. பெற்றோரின் மதிப்பீட்டில், உடல் முழுக்கப் பரவிய கரப்பான் ஏறக்குறைய சிறுநீரக நோய் அளவுக்குப் பாதித்தது. நீரிழிவையும் வலிப்பு நோயையும்விட அதிகமாகவே பாதித்தது.

பாதிப்பின் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. படுத்து உடல் சூடானதும் அரிப்பு கூடும். முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் பிள்ளை தூக்கத்திலேயே பிறாண்டும். காலையில் நகக்கண்ணில் ரத்தக்கறையும் பாயில் பொடிப்பொடியாக உதிர்ந்த தோலும் இருக்கும். பிரிட்டனின் பிரிஸ்டல் பகுதியில் பிறந்த 13,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை 16 வயது வரை கவனித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், கரப்பான் உள்ளவர்களும் ஏறக்குறைய மற்றவர்கள் தூங்கும் நேரமே தூங்கினார்கள். ஆனால் அடிக்கடி விழித்தார்கள். தூக்கத்தின் தரம் குறைந்திருந்தது. ஆகவே ‘எட்டு மணி நேரம் தூங்கினானே’ என்பது ஆறுதல் ஆகாது. வகுப்பில் கொட்டாவி விடும், காரணமில்லாமல் சிடுசிடுக்கும் பிள்ளையைச் சோம்பேறி, அடங்காதவன் என்று திட்டுவதற்கு முன் இரவு எப்படிப் போனது என்று கேட்க வேண்டும்.

நம்பிக்கை 2: மீனும் கருவாடும் கரப்பான் பண்டம், நிறுத்தினால் நோய் போகும்

உண்மை: கரப்பானின் தொடக்கம் தோலிலேயே இருக்கிறது. தோலின் மேலடுக்கை உறுதியாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் உள்ள குறை இந்த நோய்க்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த மரபணுக் குறை இருப்பதில்லை. மேலடுக்கு பலவீனமாக இருப்பது மட்டும் பொது. வரப்பு கசியும் உப்பளப் பாத்தி போல, உள்ளே நிற்க வேண்டிய ஈரம் வெளியேறுகிறது. சோப்பும் தூசியும் கிருமியும் உள்ளே வருகின்றன. அதனால் தோல் வறள்கிறது, அரிக்கிறது, சொறியச் சொறிய இன்னும் கசிகிறது. இந்தச் சுழற்சியைத் தட்டிலிருந்து மீனை எடுப்பதால் நிறுத்த முடியாது.

‘நண்டு தின்றதும் கண்ணெதிரே தடிக்கிறதே’ என்ற மறுப்பைத் தள்ளிவிடக் கூடாது. இறாலுக்கும் நண்டுக்கும் ஒவ்வாமை உண்மையிலேயே உண்டு. அது சாப்பிட்ட சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், தடிப்பாகவோ உதடு வீக்கமாகவோ வாந்தியாகவோ மூச்சுத் திணறலாகவோ வெளிப்படும். அப்படி நேர்ந்த பிள்ளைக்கு வீட்டில் மறுபடி கொடுத்துப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இன்னொரு காரணமும் இந்தக் கரைக்கு நெருக்கமானது. சூரை, அயிலை போன்ற மீன்களைப் பிடித்ததும் ஐஸில் வைக்காவிட்டால் பாக்டீரியாக்கள் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். வேகவைத்தாலும் அது அழியாது. அதைத் தின்றவருக்கு முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். அது மீன் கெட்டதால் வந்த விளைவு, கரப்பானோடு சேராதது. ‘நிறுத்தினோம், குறைந்தது’ என்பவர்களின் அனுபவமும் பொய்யல்ல. கரப்பான் தானாகவே கூடும், குறையும். மிகவும் கூடியிருக்கும் வாரத்தில்தான் பத்தியம் தொடங்குகிறோம், அதற்குப் பிறகு அது குறைவதற்கே வாய்ப்பு அதிகம். நடுத்தர, கடுமையான கரப்பான் உள்ள குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏதாவது ஓர் உணவு ஒவ்வாமை இருக்கலாம் என்பது பரவலான மருத்துவக் கணிப்பு. மற்றவர்களுக்கு இந்தப் பத்தியம் வீண். ரத்தப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ வந்தாலே ஒவ்வாமை என்று பொருளல்ல. சாளையும் நெத்திலியும் இங்குள்ள வீடுகளுக்குக் குறைந்த விலையில் கிடைக்கும் புரதம். காரணமில்லாமல் அதை நிறுத்துவது வளரும் உடம்புக்கு நேரடி இழப்பு.

நம்பிக்கை 3: ஒட்டிக்கொள்ளும், பக்கத்தில் உட்காரவிடாதே

உண்மை: கரப்பான் ஒட்டாது. சொரியாசிஸும் வெண்புள்ளியும்கூட ஒட்டாது. ஒட்டுவது சொறி சிரங்கு. நுண்ணிய பூச்சியால் வரும் அந்த நோயை உலக சுகாதார நிறுவனம் 2017-ல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்தது. ஆசிரியருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும் என்பது நியாயமான கேள்வி. சிரங்கு பெரும்பாலும் விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் வரும். வீட்டில் ஒரே சமயத்தில் பலருக்கும் அரிக்கும். கரப்பான் பள்ளி வயதில் கை, கால் மடிப்புகளில் வரும். மாதக்கணக்கில் போய்ப்போய் வரும். சிரங்கே ஆனாலும் குடும்பம் முழுவதும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொண்டால், வழக்கமாகப் பிள்ளை மறுநாளே பள்ளிக்குத் திரும்பலாம். சொறிந்த இடத்தில் தேன் நிறப் பொருக்கோ சீழோ கண்டால் அது கிருமித் தொற்று. அதற்குத் தனி மருந்து வேண்டும். இந்த மூன்றையும் பிரித்தறியாமல் பிள்ளையைக் கடைசி பெஞ்சில் தனியே உட்கார வைத்தால், வகுப்பு முழுவதற்கும் கேலி செய்ய அனுமதி கொடுத்ததாகிவிடும்.

நம்பிக்கை 4: கடல் குளியலே மருந்து, இல்லை, கடலே ஆகாது

உண்மை: 1961-ல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த கடல் இது, சங்கு குளிப்பவர்கள் அதன் பிறகும் இறங்கினார்கள். கடலை நம்பி வாழும் ஊர்களில் அதன் தண்ணீருக்கு மருந்தின் மதிப்பு வருவது இயல்புதான். கடல்நீர் தோல் நோயைத் தணிக்கும் என்பதற்குக் காட்டப்படும் ஆய்வுகள் பெரும்பாலும் சாக்கடலில் நடந்தவை. அதன் உப்பு நம் கடலைவிடச் சுமார் பத்து மடங்கு, மெக்னீசியம் மிகுந்தது, சிகிச்சையில் வாரக்கணக்கான வெயிலும் சேர்ந்திருக்கிறது. அந்த முடிவைத் தூத்துக்குடிக் கரைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. வெடித்த தோலில் உப்புநீர் எரியும். உடம்பிலேயே காய்ந்தால் தோல் மேலும் வறளும். அதற்காகக் கரையில் எல்லாப் பிள்ளைகளும் அலையில் குதிக்கும்போது ஒருவனை மட்டும் மணலில் நிறுத்த வேண்டியதில்லை. புண் இல்லாத நாட்களில் குளிக்கட்டும். வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் எண்ணெயோ களிம்போ தடவினால் போதும். திருச்செந்தூரில் கடலாடியதும் நாழிக்கிணற்றில் குளிக்கும் வழக்கம் இருப்பதால் அலசுவது இங்கே யாருக்கும் புதிதல்ல. வேண்டுதலும் நடக்கட்டும், மருந்தும் தொடரட்டும்; ஒன்றுக்காக மற்றதை விட வேண்டிய அவசியமில்லை.

நம்பிக்கை 5: ஸ்டீராய்டு களிம்பு தோலை அழித்துவிடும்

உண்மை: இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கடுமையான ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் கலந்த களிம்புகளைச் சீட்டில்லாமல் வாங்கி, சிவப்பழகுக்காகக்கூட முகத்தில் தடவி, தோல் மெலிந்து முகம் சிவந்துபோனவர்கள் நாட்டில் ஏராளம். மருத்துவர்கள் தொடர்ந்து வலியுறுத்தியதால்தான் 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றில் சேர்த்தது. ஆனால் அந்தக் கேட்டுக்குக் காரணம் தவறான வீரியம், தவறான இடம், கணக்கில்லாத நாட்கள். வயதுக்கும் உடல் பகுதிக்கும் ஏற்ற வீரியத்தில், சொன்ன நாட்களுக்குப் போட்டால் கரப்பானைத் தணிப்பதில் இது நம்பகமான மருந்து. அளவும் எளிது: பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கிய களிம்பு சுமார் அரை கிராம், அது விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். பயந்து பொட்டுப்பொட்டாக வைத்தால் நோயும் அடங்காது, களிம்பும் மாதக்கணக்கில் இழுக்கும்.

களிம்பு இல்லாத நாட்களிலும் ஈரப்பதம் காக்கும் பூச்சு தினமும் வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கிரீம்தான் வேண்டும் என்பதில்லை. வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி போதும். பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வில் வெர்ஜின் தேங்காய் எண்ணெயும் நல்ல பலன் தந்தது. இந்த ஊர் வெக்கையில் பிசுபிசுக்கும் என்றால் குளித்ததும் மெல்லிதாகவும் இரவில் தாராளமாகவும் தடவலாம். வியர்வையும் அரிப்பைக் கூட்டும் என்பதால் பள்ளிச் சீருடை பருத்தியில் இருப்பது நல்லது.

நம்பிக்கை 6: வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும்

உண்மை: பலருக்கு வயது ஏற ஏறக் குறைகிறது, சிலருக்குப் பெரியவர்களான பிறகும் நீடிக்கிறது. யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. குறையும் என்றே வைத்துக்கொண்டாலும், தூக்கமில்லாமலும் கேலியிலும் கழிந்த பள்ளி ஆண்டுகள் திரும்பி வரப்போவதில்லை. காத்திருப்பதற்குக் கொடுக்கும் விலை அது.

செய்ய வேண்டியதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. 2000-ல் தொடங்கிய தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை மாவட்டத்திலேயே இருக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு பார்க்க வேண்டிய நோய்களில் தோல் நோயும் உண்டு. அந்தக் குழுவும் ஆசிரியரும் பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கூடுதலாகக் கேட்டால் போதும்: இந்த வாரம் எத்தனை இரவு விழித்தாய், எந்த விளையாட்டை விட்டாய், யார் கேலி செய்தார்கள்? மருத்துவர் கேட்காவிட்டால் பெற்றோரே இதைச் சொல்ல வேண்டும். சிகிச்சை வேலை செய்கிறதா என்பதைத் தோலின் நிறத்தோடு சேர்த்து இந்தப் பதில்களையும் வைத்தே அளக்க வேண்டும். இரவு முழுக்கத் தூங்கி, வீட்டில் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டு, பெஞ்சில் நண்பனோடு உட்காரும் பிள்ளையின் மடிப்பில் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தாலும், அந்தச் சிகிச்சை சரியான வழியில்தான் போகிறது.