நெல் அரவைக் கம்பெனியும் அதன் அயலாரும்

நெல் மிகுதியாக விளையும் ஜில்லாக்களில் அரவை மில் இல்லாத ஊர்ப்புறம் அரிது. அம்மில்களுட் பல, ஒரு குடும்பத்தாரோ சில பங்காளிகளோ சேர்ந்து நடத்தும் சிறு கம்பெனிகளேயாம். 2002-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின், 10 விவசாயிகளுக்குக் குறையாமற் கூடித் தாங்களே அங்கத்தினராயிருந்து நடத்தும் உற்பத்தியாளர் கம்பெனிகளும் தோன்றியுள்ளன. இத்தகைய கம்பெனி ஊராருக்கு வேலையும் நெல்லுக்குக் கிராக்கியும் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே கம்பெனி அயலார் கிணற்றைக் கெடுக்கவும், எடையிற் குறைவு செய்யவும், ஏழைக் குடும்பங்களைக் கடனிற் கட்டிவைக்கவும் கூடும். ஆகையால் ஒரு சிறு கம்பெனி ஊருக்கும் நிலத்துக்கும் நீருக்கும் செய்யவேண்டிய கடமை யாது, அதை நாள்தோறும் எவ்வாறு நடைமுறையிற் கொள்வது என்பதைப் புழுங்கலரிசி மில்லை உதாரணமாக வைத்து இங்கு ஆராய்வோம்.

1. நன்கொடையும் கடமையும்

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பைப்பற்றி 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு விதி செய்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி ரூபாய் வியாபாரம், அல்லது 5 கோடி ரூபாய் நிகர லாபம் உடைய கம்பெனிகள் முந்திய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைப் பொதுநலக் காரியங்களிற் செலவிட வேண்டுமென்று அது வகுத்தது. 1-4-2014 முதல் அவ்விதி நடைமுறைக்கு வந்தது.

கிராமத்து அரவை மில் இவ்வளவுகளுக்கு மிகவும் கீழ்ப்பட்டது. அதனால் தனக்குப் பொறுப்பொன்றும் இல்லையென்று முதலாளி எண்ணுவாராயின் அது தவறு. பெரிய கம்பெனிகளுங்கூட, தம் சொந்தத் தொழிலை ஒழுங்காக நடத்துவதற்காகும் செலவை அந்த 2 பங்கிற் சேர்க்க விதிகள் இடந்தரவில்லை. அதாவது, கழிவு நீரைச் சுத்தி செய்வதும், கூலியைச் சரியாகக் கொடுப்பதும் தர்மமல்ல. தொழிலின் அடிப்படைக் கடமையாம். திருவிழாவுக்கு நன்கொடையளிப்பதும் பள்ளிக்கூடத்திற்குப் பெஞ்சு வாங்கிக் கொடுப்பதும் நல்ல காரியங்களே. ஆயினும் குளத்தைக் கெடுத்தவர் கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பதனால் குளம் தெளிந்துவிடாது. சிறு கம்பெனியின் பொறுப்பு அதன் வாயிலின் வழியே உட்செல்வனவற்றிலும் வெளிவருவனவற்றிலுமே அடங்கியுள்ளது. அவை நெல், நீர், சாம்பல், வேலையாட்கள் என நான்காகும்.

2. நெல்லின் எடை

மில்லுக்கு நெல் கொண்டுவரும் விவசாயிக்குச் செய்யவேண்டிய முதற்கடமை சரியான எடையே. தராசு அரசாங்க முத்திரை பெற்றதாயிருப்பது 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி அவசியம். ஆனால் தராசு சரியாயிருந்தும் ஈரக் கழிவில் நஷ்டம் நேரலாம்.

நூற்றுக்கு 17 பங்கு ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்ந்த வஸ்து 83 கிலோ. அதை 14 பங்கு ஈரத்துக்குக் காயவைத்தால் எடை ஏறக்குறைய 96½ கிலோவாகும். எனவே நியாயமான கழிவு 3½ கிலோ. இதற்குப் பதிலாக மூட்டைக்கு மூட்டை "நூற்றுக்கு ஐந்து" என்று பொதுப்படக் கழித்தால், ஒரு டன்னுக்கு 15 கிலோ நெல் விவசாயியின் கையை விட்டுப் போகிறது. கருக்காய், மண் முதலியவற்றிற்கான கழிவு வேறு. அதைத் தனியே தூற்றிப் பார்த்தே கணக்கிட வேண்டும்.

ஈரம் காட்டும் கருவியை விற்பவர் கண்ணெதிரே வைத்துப் பார்ப்பதும், எந்த ஈரத்துக்கு எவ்வளவு கழிவு என்ற அட்டவணையைத் தமிழில் எழுதித் தராசின் அருகில் மாட்டுவதும், எடை, ஈரம், கழிவு, கிரயம் நான்கும் குறித்த ரசீது தருவதும் கம்பெனிக்குச் செலவு வைக்காத காரியங்கள். இவற்றால் ஏற்படும் நம்பிக்கையோ, தரகரில்லாமலே நெல்லை மில்லுக்கு வரச்செய்யும்.

3. ஊறல் நீர்

புழுங்கலரிசி மில்லினால் அயலாருக்கு நேரும் தீங்குகளில் முக்கியமானது ஊறல் நீரேயாம். ஒரு கிலோ நெல்லை ஊறவைக்க ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான நீர் வேண்டும். நாளொன்றுக்கு 10 டன் நெல் அவிக்கும் மில் 12,000 லிட்டர் நீர் விடுமானால், நெல் குடித்ததுபோக ஏறக்குறைய 9,000 லிட்டர் மஞ்சள் நிறமாய் வெளியே வரும்.

இந்நீரில் நஞ்சு ஒன்றுமில்லையே, நெல்லின் சத்துத்தானே என்று கேட்பவருண்டு. கேடு விளைவதே அச்சத்தினால்தான். நெல்லிலிருந்து கரைந்த சர்க்கரையும் மாவுப்பொருளும் நீரிற் சேர்ந்து அழுகும்பொழுது, அங்குக் கரைந்துள்ள பிராணவாயுவை நுண்ணுயிர்கள் உட்கொண்டுவிடுகின்றன. 30 பாகை உஷ்ணத்தில் ஒரு லிட்டர் நல்ல நீரில் ஏறக்குறைய 7½ மில்லிகிராம் பிராணவாயுவே தங்கும். ஊறல் நீரோ லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேலும் பிராணவாயுவை வேண்டுவதுண்டு. அவ்வாறாயின், காற்றிலிருந்து மீண்டும் கரைவதை நீக்கிப் பார்த்தால், மேற்கண்ட மில்லின் ஒருநாள் கழிவு, ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழம் நிற்கும் நீரின் பிராணவாயு முழுவதையும் போக்கவல்லது. குளத்து மீன்கள் ஓரிரவில் மிதப்பதும், வாய்க்கால் கறுத்து நாறுவதும், அந்நீர் பாய்ந்த வயலில் நாற்றின் வேர் அழுகுவதும் இதனாலேயே.

இதைத் தடுக்கும் முறைகள் வருமாறு:

(அ) ஊறவைப்பதற்கு முன் நெல்லைத் தூசி, பதர் நீங்கச் சுத்தி செய்க. கழிவு நீரின் பாரம் தொடக்கத்திலேயே குறையும்.

(ஆ) குளிர்ந்த நீரில் ஒருநாளும் இருநாளும் ஊறவைக்கும் பழைய வழக்கத்தில் நெல் புளித்து நாற்றமுண்டாகிறது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த வெந்நீர் முறையில், 70 பாகையளவான நீரில் 3 அல்லது 3½ மணி நேரத்தில் ஊறல் முடிகிறது. அரிசியில் நாற்றமில்லை, தொட்டியும் விரைவில் ஒழிகிறது. ஆயினும் வெந்நீரிலும் சத்துக் கரையுமாகையால் கழிவு நீரைச் சுத்தி செய்வது தவறாது.

(இ) வெளிவரும் நீரை வலையில் வடித்து, தெளிதொட்டியில் நிறுத்திச் சுண்ணாம்பினால் புளிப்பை மாற்றி, மூடிய தொட்டியில் காற்றின்றி அழுகவிட வேண்டும். இங்கு உண்டாகும் வாயுவை எரிபொருளாக உபயோகிக்கலாம். பின்னர் ஆழமற்ற தொட்டியில் நீரைக் கலக்கிக் காற்றூட்ட வேண்டும்.

(ஈ) பாசனத்துக்காக நிலத்தில் விடும் கழிவு நீரின் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது அளவு. ஆற்றிலோ குளத்திலோ விடுவதாயின் 30 மில்லிகிராமே. இவ்வளவுக்கு வந்த நீரையும் ஒரே நிலத்தில் இடைவிடாது பாய்ச்சாமல், மரத்தோப்புக்கும் தீவனப் புல்லுக்கும் மாற்றி மாற்றிப் பாய்ச்சுவது நலம்.

4. உமியும் சாம்பலும்

நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. எரித்த உமியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். ஆகவே 10 டன் நெல்லின் உமி முழுவதையும் எரித்தால் 400 கிலோவளவு சாம்பல் நாள்தோறும் சேரும். இதிற் பெரும்பாகம் மணற்சத்தாகிய சிலிக்கா. புகைபோக்கி வழியே பறக்கும் சாம்பல் துகள் வழிநடப்பவர் கண்ணைக் கீறுகிறது. உலர்த்திய துணியிலும் களத்து நெல்லிலும் படிகிறது. மிகுந்த உஷ்ணத்தில் எரிந்த சாம்பலின் நுண்தூள் நெடுநாள் சுவாசித்தவரின் நுரையீரலுக்கும் தீங்கு செய்யும்.

புகைபோக்கிக்குமுன் துகளைச் சுழற்றி வீழ்த்தும் தூசிப் பிரிப்பானை அமைத்தல், சாம்பலை நீர் தெளித்து நனைத்த பின்பே அள்ளுதல், மூடிய வண்டியில் ஏற்றுதல், அள்ளுபவர்க்கு முகமூடியும் கண்ணாடியும் கொடுத்தல் ஆகியவை அவசியம். சாலையோரத்தில் குவிப்பதைவிடச் சாம்பலைச் செங்கற் சூளைக்குக் கொடுக்கலாம். தொழுவுரத்துடன் கலந்து வயலுக்கும் இடலாம். நெற்பயிர் சிலிக்காவை மிகுதியாக உறிஞ்சும் பயிர். தண்டின் உறுதிக்கும் குலைநோயைத் தாங்குவதற்கும் அது உதவுகிறது. முழுவதும் எரியாமற் கருக்கிய உமி நாற்றங்காலுக்கு மிகவும் ஏற்றது.

5. வேலையாட்கள்

நீரையும் சாம்பலையும்விட மறைவாக நிகழும் தீங்கொன்றுண்டு. அவிக்கவும் களத்திற் காயவைக்கவும் குடும்பத்தோடு ஆட்களை அமர்த்தி, முன்பணம் கொடுத்து, அக்கடன் தீரும்வரை வெளியேறவொட்டாது தடுப்பதே அது. தமிழ்நாட்டின் அரிசி மில்கள் சிலவற்றிலிருந்து இவ்வாறு கட்டுண்ட குடும்பங்களை அதிகாரிகள் மீட்டதுண்டு. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி இத்தகைய கடன் செல்லாது. குற்றம் செய்தவர்க்கு 3 ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

நேர்மையான கம்பெனி முன்பணம் கொடுக்கவே கூடாதென்பதில்லை. கொடுத்த தொகையும் பிடித்த தொகையும் குறித்த புத்தகம் ஒன்று வேலையாளின் கையில் இருக்கவேண்டும். குறித்த நாளில் கூலி முழுவதும் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே சேரவேண்டும். கணவன் பெயரில் மனைவியின் கூலியையும் எழுதுதல் தகாது. கடன் பாக்கியிருப்பினும் ஊருக்குப் போகவும் வேறு வேலை தேடவும் தடையிருத்தலாகாது. பிள்ளைகள் களத்தில் அல்ல, பள்ளியில் இருக்கவேண்டும். யந்திரத்தின் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் வேலியடைப்பும், கொதிகலனுக்குத் தகுதியறிந்த ஆளும் இன்றியமையாதவை.

6. செலவுக்கு வழி

இவ்வளவும் செய்யச் சிறு முதலாளிக்குப் பணமேது என்பது இயல்பான ஆட்சேபம். எல்லாவற்றையும் ஒரே ஆண்டிற் செய்ய வேண்டுவதில்லை, வரிசைப்படுத்திக் கொள்ளலாம். எடை அட்டவணை, ரசீது, கூலிப் புத்தகம், சாம்பலை நனைத்தல் ஆகியவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை. இவற்றை நாளையே தொடங்கலாம். நீராவிக் குழாய்க்கு உஷ்ணங்காக்கும் உறையிடுதலும், உமியை நனையாமற் காத்து எரித்தலும் எரிபொருளை மிச்சப்படுத்தித் தம் செலவைத் தாமே ஈட்டும். கழிவு நீர்த் தொட்டிக்கே பெருமுதல் வேண்டும். அடுத்தடுத்துள்ள மில்கள் கூடி ஒரே நிலையத்தை அமைத்துச் செலவைப் பகிர்ந்துகொள்வது சிறு கம்பெனிகளுக்கு ஏற்றது. தொட்டி கட்டும்வரை வாய்க்காலில் விடலாம் என்று மட்டும் எவரும் கொள்ளலாகாது; மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவின்றிக் கழிவு நீரை விடுவது 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்திற்கு மாறானது.

7. விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

கம்பெனி தன் கடமையைச் செய்கிறதா என்பதை அறியப் பெரிய அறிக்கைகள் வேண்டியதில்லை. கீழ்க்கண்ட வினாக்களுக்கு விடை காண்பதே போதும்.

(1) ஈரம் பார்ப்பதை விற்பவர் காண்கிறாரா? ரசீதில் கழிவு தனியே குறிக்கப்படுகிறதா?

(2) கழிவு நீர் எங்கே போகிறது? இரவிலும் மழைநாளிலும் அதே வழியில்தான் போகிறதா? அண்டைக் கிணற்று நீரின் நிறமும் மணமும் மாறியுள்ளனவா?

(3) சாம்பல் எங்கே சேர்கிறது? யார் கொண்டுபோகிறார்கள்?

(4) கூலிப் புத்தகம் வேலையாளிடம் உள்ளதா? அவர் விரும்பியபொழுது வெளியே போக முடிகிறதா?

குறை காணின் முதலில் கம்பெனியாரிடமே எடுத்துரைத்து, திருத்த நாள் குறிக்கச் செய்வது அயலார்க்குரிய முறை. பின்னும் திருந்தாவிடில் நீரைப்பற்றி மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதலாம். ஆட்கள் கட்டுண்டிருப்பதாக ஐயம் தோன்றினாலோ ஒருநாளும் தாமதியாமல் மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ தெரிவிக்க வேண்டும். கம்பெனியாரிடம் முன்கூட்டிச் சொல்வது அக்குடும்பங்களுக்கே ஆபத்தாய் முடியக்கூடும்.

உற்பத்தியாளர் கம்பெனியில் அங்கத்தினராயுள்ள விவசாயிகளுக்குப் பொறுப்பு இன்னும் அதிகம். அங்கே முதலாளியும் அவர்களே, வாய்க்காலின் கடைமடைக்காரரும் அவர்களே. ஆண்டுக் கூட்டத்தில் லாபக் கணக்கை வாசிக்கும்பொழுது, அவ்வாண்டு வெளியேறிய நீரின் பரிசோதனை, சாம்பல் சென்ற இடம், கொடுத்த கூலி ஆகிய கணக்குகளையும் வாசிக்கும்படி அவர்கள் கேட்கவேண்டும். இவற்றைச் செலுத்தியபின் எஞ்சுவதே உண்மையான லாபம். இவற்றை மறைத்துக் காட்டும் லாபம், அயலார் கிணற்றிலிருந்தும் வேலையாளின் கூலியிலிருந்தும் எடுத்த கடனேயாம்.