பகா எண்ணைச் சோதிப்பது எப்படி?

கேள்வி: மிகப் பெரிய பகா எண் எது? அது எதனாலும் வகுபடாது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?
– வாசகர், டத்தோ கிராமாட், பினாங்கு

பதில்: 136,279,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, விடையில் 1-ஐக் கழியுங்கள். 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் கண்டறிந்த பகா எண் அதுதான். அதில் 41,024,320 இலக்கங்கள். கடைசி இலக்கம் 1.

இவ்வகை எண்களுக்கு மெர்சன் எண்கள் என்று பெயர். அடுக்கு, அதாவது பெருக்கப்படும் இரண்டுகளின் எண்ணிக்கை, பகா எண்ணாக இருந்தால்தான் விடையும் பகா எண்ணாக முடியும். ஆனால் அது மட்டும் போதாது. அடுக்கு 11 என்றால் விடை 2047. அது 23-ஐ 89-ஆல் பெருக்கி வருவது.

ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. லூக்காஸ்-லெமர் சோதனை இருக்கிறது. அடுக்கு 5-க்கு உரிய 31-ஐ எடுத்துக்கொள்வோம். 4-இல் தொடங்குங்கள். அதை வர்க்கமாக்கி, 2-ஐக் கழித்து, 31-ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் 14, 8, 0 என்று வரும். அடுக்கைவிட இரண்டு குறைவான படியில், அதாவது மூன்றாம் படியில், 0 வந்துவிட்டது. ஆகவே 31 பகா எண்.

மெர்சன் எண் மட்டுமல்ல, எந்த எண்ணையும் ஐயமின்றிச் சோதிக்கும் விரைவான வழிமுறையை 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் உலகுக்குத் தந்தார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்த இளைஞர்கள். நாம் பெருமைப்பட வேண்டிய சாதனை இது.

பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று யூக்ளிட் அன்றே நிறுவிவிட்டார். ஆகவே 'மிகப் பெரியது' என்பது இப்போதைக்கு மட்டுமே. அடுக்கு 7-க்கு உரிய 127-ஐ ஒரு தாளில் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஐந்தாம் படியில் 0 வரும்.