பழைய டிஸ்க்கை அழிச்சதும் கம்ப்யூட்டர் பூட் ஆகலையா? அவசரப்பட்டு ஃபார்மேட் பண்ணாதீங்க

புது எஸ்எஸ்டி வாங்கிப் போட்டாச்சு. அதிலேயே விண்டோஸும் இன்ஸ்டால் பண்ணியாச்சு. மூணு மாசமா மெஷின் பறக்குது. பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க் சும்மாதானே கிடக்கு, அதைத் துடைச்சுட்டு படமும் பேக்கப்பும் போட வெச்சுக்கலாம்னு முழுசா அழிக்கிறீங்க. அடுத்த தடவை பவர் பட்டனை அழுத்தினா கறுப்புத் திரை. "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று ஒரே ஒரு வரி.

விண்டோஸ் இருப்பது எஸ்எஸ்டியில். அழித்தது ஹார்ட் டிஸ்க்கை. அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?

இந்த நிலையில் யாரிடம் காட்டினாலும் பெரும்பாலும் வரும் பதில், "ஓஎஸ் போயிடுச்சு, ஃபார்மேட் பண்ணிடலாம்" என்பதுதான். ப்ராஜெக்ட் கோடு, பாதி எழுதிய ரிப்போர்ட், லேப் ரெக்கார்டுக்கு எடுத்த ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும். ரிவ்யூவுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது அந்தப் பேச்சுக்குத் தலையாட்டினால் எல்லாம் காலி. முதலில் இதைப் புரிஞ்சுக்குங்க: உங்க விண்டோஸ் எங்கேயும் போகலை. போனது 100 எம்பி அளவுள்ள ஒரு குட்டிப் பார்ட்டிஷன் மட்டும். அதை எஸ்எஸ்டியிலேயே புதுசா உருவாக்கிவிடலாம், உங்க ஃபைல் ஒன்றைக்கூடத் தொடாமல்.

பவர் போட்டதும் மதர்போர்டு நேரடியாக விண்டோஸைத் தேடுவதில்லை. இப்போதைய மெஷின்களில் இருக்கும் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேருக்குக் கட்டாயம் படிக்கத் தெரிய வேண்டியது ஃபேட் வகை ஃபைல் சிஸ்டம் மட்டும்தான். உங்க சி டிரைவ் என்டிஎஃப்எஸ். அதனால் நடுவில் ஒரு ஆள் தேவை. அதுதான் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். சுருக்கமாக ஈஎஸ்பி. ஃபேட்32-இல் ஃபார்மேட் ஆன இந்தச் சின்ன இடத்தில் விண்டோஸ் பூட் மேனேஜரும், பிசிடி என்ற ஒரு பதிவேடும் இருக்கும். "விண்டோஸ் எந்த டிஸ்க்கில், எந்தப் பார்ட்டிஷனில் இருக்கு" என்ற விலாசம் அந்தப் பதிவேட்டில்தான் உண்டு. ஃபர்ம்வேர் பூட் மேனேஜரை எழுப்பும், பூட் மேனேஜர் பிசிடியைப் படிக்கும், அதில் உள்ள விலாசத்துக்குப் போய் வின்லோடு என்ற ஃபைலை எடுக்கும், வின்லோடு கர்னலை ஏற்றும். இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. நீங்க அறுத்தது அதைத்தான்.

அது எப்படி அங்கே போச்சு? எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கும் கனெக்‌ஷனிலேயே இருந்திருக்கும். விண்டோஸ் இன்ஸ்டாலர், மெஷினில் ஏற்கனவே ஒரு ஈஎஸ்பி இருப்பதைப் பார்த்தால் பல நேரம் புதுசா ஒன்று உருவாக்காது. இருப்பதிலேயே தன் பூட் ஃபைல்களைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்காது. என்னைக் கேட்டால் இது இன்ஸ்டாலரின் மோசமான பழக்கம். வீடு ஒரு தெருவில், சாவி இன்னொரு தெருவில் என்பது மாதிரி.

குழப்பத்தைக் கூட்ட மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பெயர்களையும் பாருங்க. பூட் ஃபைல்கள் இருக்கும் இடத்துக்குப் பெயர் "சிஸ்டம்" பார்ட்டிஷன். விண்டோஸ் சிஸ்டம் ஃபைல்கள் இருக்கும் இடத்துக்குப் பெயர் "பூட்" பார்ட்டிஷன். ஆமா, தலைகீழ்தான். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவுக்குக் கீழே "பூட்" என்று போட்டிருப்பதைப் பார்த்து, பூட் எஸ்எஸ்டியில்தான் இருக்கு என்று நம்பிப் பழைய டிஸ்க்கை அழித்தவர்கள் நிறைய பேர். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்து அந்த டிஸ்க்கை டிஸ்க்பார்ட் மூலம் கிளீன் பண்ணப் பார்த்தால் "சிஸ்டம் வால்யூம் இருக்கும் டிஸ்க், அனுமதியில்லை" என்று மறுத்துவிடும். ஆனால் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு லேப்டாப்பில் அழித்தாலோ, விண்டோஸ் பென்டிரைவில் பூட் பண்ணி டெலிட் கொடுத்தாலோ தடுக்க ஆள் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பயாஸ் செட்டப்புக்குள் போய் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்க. தெரியலைன்னா பிரச்சினை வேறு: கேபிள் லூசா இருக்கலாம், எம்.2 ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருக்கலாம். தெரியுதுன்னா மேலே சொன்ன கதைதான் என்று தொண்ணூறு சதவீதம் நம்பலாம். செட்டப்பில் வேறு எதையும் மாற்றாதீங்க. குறிப்பாக ஏஹெச்சிஐ, ரெய்டு என்று இருக்கும் ஸ்டோரேஜ் மோடை மாற்றினால் பூட் ஃபைல்கள் சரியான பிறகும் விண்டோஸ் நீலத் திரையில் விழும். ஒரு பிரச்சினைக்கு ரெண்டு பிரச்சினை.

நண்பரின் லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூலை வைத்து 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை விண்டோஸ் இன்ஸ்டாலராக மாற்றிக்கொள்ளுங்க. அந்தப் பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும், பார்த்துக்கோங்க. பூட் மெனுவில் அதே பென்டிரைவ் ரெண்டு தடவை தெரிந்தால், முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்க. இன்ஸ்டாலரின் முதல் திரை வந்ததும் நெக்ஸ்ட் கொடுக்காமல் ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தினால் கமாண்ட் ப்ராம்ப்ட் திறக்கும். சில லேப்டாப்களில் கூடவே எஃப்என் கீயும் அழுத்த வேண்டியிருக்கும். கீழே வரும் கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் பண்ணும்போது ஆங்கிலத்தில் பண்ணுங்க.

டிஸ்க்பார்ட் என்று கொடுத்து உள்ளே போய், லிஸ்ட் டிஸ்க். எஸ்எஸ்டியை அளவை வைத்து அடையாளம் காணுங்க. கடைசிக் காலமான ஜிபிடி என்பதற்குக் கீழே நட்சத்திரக் குறி இருந்தால் யூஇஎஃப்ஐ வழி. இல்லைன்னா பழைய எம்பிஆர் வழி, அதைப் பிறகு சொல்கிறேன். லிஸ்டில் பென்டிரைவ் மட்டும் தெரிந்து எஸ்எஸ்டி காணலைன்னா பதறாதீங்க. இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிறகும் வந்த பல லேப்டாப்களில் விஎம்டி என்ற வசதி ஆனாகி இருக்கும். அதற்கான இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரை லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்திலிருந்து எடுத்துப் பென்டிரைவில் போட்டு, டிரைவ்லோடு என்ற கட்டளையால் அதன் ஐஎன்எஃப் ஃபைலை ஏற்றினால் எஸ்எஸ்டி வந்து நிற்கும்.

அடுத்து லிஸ்ட் வால்யூம். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கு. இன்ஸ்டாலருக்குள் டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம். உங்க சி டிரைவ் இங்கே டி ஆகவோ ஈ ஆகவோ தெரியலாம். டிஸ்க்பார்ட்டிலிருந்து எக்ஸிட் ஆகி ஒவ்வொரு எழுத்துக்கும் டிர் கொடுத்து, விண்டோஸ், யூசர்ஸ் என்ற ஃபோல்டர்கள் எதில் இருக்கு என்று பாருங்க. அந்த ஃபோல்டர்களைப் பார்த்ததும் பாதி உயிர் திரும்பி வரும். இப்போதைக்கு அது சி என்றே வைத்துக்கொள்வோம்.

டிர் கொடுத்ததும் டிரைவ் பூட்டியிருக்கு என்று சொன்னால் பிட்லாக்கர் இருக்கு. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் பண்ணிய பல லேப்டாப்களில் இது தானாகவே ஆனாகிவிடும். அதன் 48 இலக்க ரெக்கவரி கீ அந்த அக்கவுன்ட்டில்தான் சேமிப்பில் இருக்கும். மொபைலில் லாகின் பண்ணி எடுத்துக்கோங்க. மேனேஜ்-பிடிஇ கட்டளையில் அன்லாக் கொடுத்து அந்த எண்ணைப் போட்டால் திறக்கும். கீ கிடைக்காமல் மேலே ஒரு அடி வைக்காதீங்க. அந்தக் கீ இல்லாமல் உள்ளே இருப்பதை எடுக்க யாராலும் முடியாது.

இப்போ மறுபடியும் டிஸ்க்பார்ட். விண்டோஸ் இருக்கும் வால்யூமை செலக்ட் வால்யூம் என்று எண் போட்டுத் தேர்ந்தெடுத்து, ஷ்ரிங்க் டிசையர்ட்=300. சி டிரைவ் 300 எம்பி சுருங்கும். உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்து கிரியேட் பார்ட்டிஷன் ஈஎஃப்ஐ சைஸ்=260. விண்டோஸ் தானாக உருவாக்கினால் வழக்கமாக 100 எம்பிதான் ஒதுக்கும். நாம் தாராளமாக வைத்துக்கொள்வோம்.

அடுத்த கட்டளை ஃபார்மேட். முழு வேலையிலும் ஆபத்தான இடம் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று லிஸ்ட் பார்ட்டிஷன் கொடுத்துப் பாருங்க. தேர்வில் இருக்கும் பார்ட்டிஷனுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கும். அது 260 எம்பி பார்ட்டிஷன் பக்கத்தில் இருந்தால் மட்டும் தொடருங்க. 200, 400 ஜிபி உள்ள பெரிய பார்ட்டிஷன் பக்கத்தில் இருந்தால் கையை எடுங்க. செலக்ட் பார்ட்டிஷன் கொடுத்துச் சின்னதைத் தேர்ந்தெடுத்து, மறுபடியும் லிஸ்ட் பார்த்த பிறகுதான் ஃபார்மேட் குயிக் எஃப்எஸ்=ஃபேட்32. பிறகு அசைன் லெட்டர்=எஸ், எக்ஸிட்.

இனி உண்மையான வேலையைச் செய்யும் ஒரே கட்டளை: பிசிடிபூட். மூன்று எழுத்தும் பூட்டும் ஒட்டி ஒரே சொல். அதன் பிறகு இடைவெளி விட்டு விண்டோஸ் ஃபோல்டரின் பாதை, அதாவது சி:\விண்டோஸ். பிறகு /எஸ் எஸ்: என்று புதுப் பார்ட்டிஷன். கடைசியாக /எஃப் யூஇஎஃப்ஐ. பூட் ஃபைல்கள் வெற்றிகரமாக உருவாக்கப்பட்டன என்று ஒரு வரி வரும். உங்க விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே பூட் ஃபைல்களின் நகல் எப்போதும் இருக்கும். பிசிடிபூட் அதை எடுத்து ஈஎஸ்பியில் போட்டு, புது பிசிடியும் எழுதிக் கொடுக்கிறது.

பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. இன்னும் அதே கறுப்புத் திரை வந்தால் பயாஸில் பூட் வரிசையைப் பாருங்க. /எஸ் கொடுத்து ஓட்டும்போது பிசிடிபூட் மதர்போர்டின் நினைவில் புது என்ட்ரி எழுதாது. எந்த டிஸ்க்கிலும் தேடப்படும் பொதுவான பூட் ஃபைலை நம்பி விட்டுவிடும். அங்கே "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்று தெரிவது அழிந்துபோன டிஸ்க்கைக் காட்டும் பழைய என்ட்ரியாக இருக்கலாம். எஸ்எஸ்டியின் பெயரையே நேரடியாகத் தேர்ந்தெடுங்க. விண்டோஸ் வந்ததும் அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் /எஸ் இல்லாமல் பிசிடிபூட் சி:\விண்டோஸ் என்று ஒரு தடவை ஓட்டினால் என்ட்ரியும் சரியாகிவிடும்.

யூடியூபில் தேடினால் பூட்ரெக் என்று ஆரம்பிக்கும் நாலு கட்டளைகளைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஜிபிடி டிஸ்க்கில் ஃபிக்ஸ்பூட் கொடுத்தால் "ஆக்சஸ் இஸ் டினைட்" என்று வருவது சகஜம். ரீபில்ட்பிசிடி, கண்டுபிடித்த விண்டோஸ் எண்ணிக்கை பூஜ்யம் என்று சொல்லி வயிற்றைக் கலக்கும். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து விண்டோஸே இல்லை என்று முடிவு கட்டிடாதீங்க. அந்தக் கட்டளைகள் இருக்கும் ஈஎஸ்பியைப் பழுதுபார்க்க வந்தவை. ஈஎஸ்பியே இல்லாத இடத்தில் அவற்றால் என்ன செய்ய முடியும்? ஸ்டார்ட்டப் ரிப்பேரும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான் கையை விரிக்கும்.

எம்பிஆர் டிஸ்க் என்றால் கதை இன்னும் சின்னது. பழைய பயாஸ் முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில்தான் தொடக்கக் கோடு இருக்கும். அது, ஆக்டிவ் என்று குறித்த பார்ட்டிஷனைத் தேடிப் போகும். அதனால் தனிப் பார்ட்டிஷன் எதுவும் வேண்டாம். பென்டிரைவை யூஇஎஃப்ஐ இல்லாத என்ட்ரியில் பூட் பண்ணி, டிஸ்க்பார்ட்டில் விண்டோஸ் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து ஆக்டிவ் என்று கொடுங்க. வெளியே வந்து பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் சி: /எஃப் பயாஸ். பிறகு பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர். பூட்ரெக் இங்கேதான் உருப்படியாக வேலை செய்யும்.

உபுன்டு இருந்த டிஸ்க்கை அழித்து "க்ரப் ரெஸ்க்யூ" என்று நிற்பவர்களுக்கு: யூஇஎஃப்ஐ மெஷினாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றுமே செய்ய வேண்டாம். பூட் வரிசையில் உபுன்டுவுக்கு மேலே விண்டோஸ் பூட் மேனேஜரைத் தூக்கி வைத்தாலே போதும். விண்டோஸின் ஈஎஸ்பியும் அதே டிஸ்க்கில் இருந்திருந்தால் மட்டும் மேலே சொன்ன முழு வேலை.

இன்னும் அழிக்காமல், அழிக்கலாமா என்று யோசித்துக்கொண்டே இதைப் படிப்பவர்கள், டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து "ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்" எந்த டிஸ்க்கின் வரிசையில் இருக்கு என்று பாருங்க. எஸ்எஸ்டியில் இருந்தால் கவலையில்லை. பழைய டிஸ்க்கில் மட்டும் இருந்தால், ஓடும் விண்டோஸிலேயே பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணிவிட்டு, அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் இதே ஷ்ரிங்க், கிரியேட், ஃபார்மேட், பிசிடிபூட் வேலையை முடித்துவிடலாம். பென்டிரைவே தேவையில்லை. முடித்ததும் மெஷினை ஆஃப் பண்ணி, பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு பூட் பண்ணிப் பாருங்க. பயாஸில் வரிசையை மட்டும் மாற்றிப் பார்ப்பது போதாது. எஸ்எஸ்டியில் பூட் ஃபைல் கிடைக்கலைன்னா ஃபர்ம்வேர் சத்தமில்லாமல் பழைய டிஸ்க்குக்கே போய் விண்டோஸை எழுப்பிவிடும், எல்லாம் சரியாயிடுச்சுன்னு நீங்க நினைச்சுப்பீங்க. கேபிள் இல்லாமலே ரெண்டு நாள் ஓடட்டும். அப்புறம் மாட்டி அழிங்க.