மட்டிக்கும் பசிக்கும்

வண்ணமீன் வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் யோசனை இது: "ரெண்டு நத்தை போடுங்க சார், தொட்டி தானா சுத்தமாயிடும். கூடவே ஒரு மட்டி போட்டா ஃபில்டரே வேண்டாம்." நத்தையைப் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மட்டியைப் பற்றிச் சொன்னது ஓர் உயிரைப் பட்டினி போட்டுக் கொல்லும் வழி. அதனால் மட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் குளங்களில் கிடைக்கும் லாமெல்லிடென்ஸ் இன மட்டியைத்தான் நன்னீர் முத்து வளர்க்கவும் பயன்படுத்துகிறார்கள். மணலில் பாதி புதைந்து, ஓட்டை லேசாகத் திறந்து, ஒரு துளை வழியே நீரை உள்ளிழுக்கும். செவுளில் சலித்து மறு துளை வழியே வெளியே விடும். சலித்தெடுக்கும் நுண்பாசியும் பாக்டீரியாவும் மக்கிய துகள்களும்தான் அதன் ஆகாரம். குளத்தில் வெயில் பட்டு நுண்பாசி ஓயாமல் பெருகுவதால் அங்கே அது பிழைக்கிறது, நீரும் தெளிகிறது. தெளிந்த தண்ணீர் நிறைந்த இரண்டடித் தொட்டியில் சலிப்பதற்கு என்ன இருக்கிறது? தண்ணீர் பளிச்சென்று இருந்தால் மட்டிக்குச் சாப்பாடு இல்லை என்று அர்த்தம்.

அது உடனே சாவதும் இல்லை. உடம்பில் இருப்பதைக் கரைத்துக்கொண்டு வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மூடிய ஓட்டைப் பார்த்து உள்ளே நடப்பதை யாராலும் சொல்ல முடியாது. பிறகு மணலுக்குள்ளேயே செத்து அழுகி, அமோனியா ஏறி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும்போதுதான் மட்டியின் ஞாபகமே வரும். தொட்டவுடன் ஓட்டை மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது. பிளந்தபடியே கிடந்தால் உடனே எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கணிசமாக மாற்றுங்கள். ஸ்பைருலினா பொடியைக் கரைத்து ஊட்டலாமே என்பவர்கள் உண்டு. மட்டியின் பசிக்குப் போதுமான அளவு கரைத்தால் தொட்டி நீர் கெட்டு மீன்கள் தவிக்கும். வெளிச்சம் படும் பெரிய தோட்டத்துக் குளம் உள்ளவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம். அவர்களுக்கும் ஒரு தகவல்: மட்டியின் இளம்புழுக்கள் மீனின் செவுளிலும் துடுப்பிலும் ஒட்டிக்கொண்டுதான் வளரும்.

நத்தைக்கு வருவோம். "மீன் கழிவை நத்தை தின்றுவிடும்" என்பது தவறு. கண்ணாடியில் படியும் பாசி, மிஞ்சிய தீனி, அழுகிய இலை இவற்றைத் தின்று அதுவும் கழிக்கும். அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா. அந்த நைட்ரேட்டைக் குறைக்கத் தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லையென்றால் செடி வளர்க்க வேண்டும். எத்தனை நத்தை விட்டாலும் வாராந்திர வேலை குறையாது.

"ஒன்று விட்டால் நூறாகிவிடும்" என்ற பயம் எல்லா நத்தைக்கும் பொருந்தாது. நெரைட் நத்தை வெள்ளைப் புள்ளிகளாக முட்டையை ஒட்டி வைக்கும். அதன் இளம்புழு வளர உப்பு கலந்த நீர் தேவை என்பதால் நன்னீர்த் தொட்டியில் பெருகாது. கடைகளில் மிஸ்டரி ஸ்நெயில் என்று விற்கும் ஆப்பிள் நத்தை நீர்மட்டத்துக்கு மேலே கண்ணாடியில் கொத்தாக முட்டையிடும், சுரண்டி எடுத்துவிடலாம். ஆண் துணை இல்லாவிட்டாலும், முன்பு சேர்ந்த பெண் மாதங்கள் கழித்தும் முட்டையிடக்கூடும். ராம்ஸ்ஹார்ன், மலேசியன் ட்ரம்பெட் போன்றவைதான் உண்மையில் பெருகுபவை. ட்ரம்பெட் நத்தை ஆண் இல்லாமலே குட்டி போடும். அவை திடீரென்று எங்கும் தென்பட்டால் தீனியைக் குறையுங்கள். அதிகமாகப் போடும் தீனிதான் அவற்றைப் பெருக்குகிறது.

ஓட்டின் நுனி வெளுத்துக் குழி விழுந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து போதவில்லை, அமிலத்தன்மை ஓட்டைக் கரைக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்றும் வீடுகளில் இது சகஜம். பறவைக் கடையில் கிடைக்கும் கணவாய் ஓட்டில் ஒரு துண்டு போட்டால் புதிதாக வளரும் ஓடு உறுதியாக வரும். வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து ஊற்றும் முன் லேபிளைப் படியுங்கள், தாமிரம் இருந்தால் நத்தைகள் செத்துவிடும்.

வயலிலும் குட்டையிலும் பிடித்த நத்தையை அப்படியே தொட்டியில் விடக்கூடாது. மீனைத் தாக்கும் தட்டைப்புழுக்கள் பலவற்றுக்கு இடைத்தங்கல் நத்தைதான்.

தொட்டியில் மிஞ்சிய நத்தையை ஏரியில் விடுவது இதைவிடப் பெரிய தவறு. தென் அமெரிக்காவின் தங்க ஆப்பிள் நத்தையை 1980 வாக்கில் உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுவந்தார்கள். விற்பனை எடுபடாமல் நீர்நிலைகளுக்குப் போய், பிலிப்பைன்ஸ் உட்படப் பல நாடுகளில் இளம் நாற்றைத் தின்று நெல் விவசாயிகளை இன்றும் வாட்டுகிறது. வேண்டாத நத்தையைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கும் நண்பருக்குக் கொடுங்கள். ஏரியிலும் வாய்க்காலிலும் மட்டும் கொட்டாதீர்கள்.